பழைய புத்தகத்தாள் அடம்பிடித்தால்: குறையைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

பழைய புத்தகத்தையும் பத்திரிகையையும் வெட்டிப் படம் ஒட்டுகிறவர்கள், தாளைச் சுற்றி மாலைக்கு மணி உருட்டுகிறவர்கள், பக்கத்தை மடித்து உருவம் கொண்டுவருகிறவர்கள், எல்லோருக்கும் ஒரு பொதுப் புலம்பல் உண்டு: "பசை சரியில்லை." நானும் அப்படிப் புலம்பி மூன்று வகைப் பசை மாற்றியவன். நான்காவது டப்பாவைத் திறக்கும் முன்புதான் தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அது உறிஞ்சாமல் முத்தாக நின்றது. அப்புறம் பசையைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் தாளுக்கு மூன்று சோதனை செய்துவிடுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒன்று, அந்தத் தண்ணீர்ச் சொட்டு. உடனே உறிஞ்சினால் பூச்சில்லாத தாள், நின்றால் களிமண்ணோ சுண்ணாம்புப் பொடியோ பூசிய வழவழப்புத் தாள். இரண்டு, தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி வளையாது; எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாக்கில்தான் காகித நார்கள் ஓடுகின்றன. இதை நாரோட்டம் என்று வைத்துக்கொள்வோம், கீழே அடிக்கடி வரும். மூன்று, ஒரு மூலையை முன்னும் பின்னுமாக இரண்டு முறை மடித்து லேசாக இழுங்கள். கையோடு ஒடிந்து வந்தால் அந்தத் தாளை மடிக்கிற வேலைக்கு எடுக்காதீர்கள்.

## ஒட்டியதும் தாள் அலை அலையாகச் சுருங்குகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். காகித நார் தண்ணீர் பட்டால் பருக்கும். நீளத்தில் அவ்வளவாக வளராது, குறுக்கே நன்றாக வளரும். வெள்ளைப் பசையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆக, பசை தடவி உடனே ஒட்டினால், தாள் அட்டையின்மேல் போன பிறகு வளரத் தொடங்குகிறது. வளர இடம் இல்லை. மேலே எழும்பி அலையாகிறது.

பலர் இதற்குக் கூடுதல் பசை வைப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். தாளை முன்கூட்டியே வளர விடுங்கள். பூச்சில்லாத தாளாக இருந்தால் பின்பக்கத்தில் ஈரத் துணியால் ஒரு முறை ஒற்றி, ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். முதலில் சுருளும், அப்புறம் தளர்ந்து படியும். படிந்த பிறகு மெல்லிசாகப் பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ தள்ளிக்கொண்டே போங்கள். தாள் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது முரசுத்தோல் மாதிரி தானாகவே இழுத்துக்கொள்ளும்.

ஈரமே வேண்டாம் என்றால் க்ளூ ஸ்டிக் போதும். சின்னத் துண்டுகளுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் பெரிய தாளுக்கு க்ளூ ஸ்டிக் தடவி முடிப்பதற்குள் முதலில் தடவிய இடம் காய்ந்துவிடும்.

ஒட்டி முடித்ததைக் காய வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெயிலில் வைக்கக் கூடாது, ஹேர் டிரையர் காட்டவும் கூடாது. மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, நான்கைந்து கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அலை விழுந்து காய்ந்துவிட்டதா? பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி இதே மாதிரி அழுத்தி வைத்தால் பாதிக்கு மேல் சரியாகும். முழுதாகச் சரியாகும் என்று சொல்ல மாட்டேன்.

## அங்கங்கே கொப்புளம்

அலை வேறு, கொப்புளம் வேறு. கொப்புளம் என்றால் அந்த இடத்தில் பசை போகவில்லை அல்லது காற்று மாட்டியிருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் ஊசியால் குத்தி, விரலால் நீவிவிடுங்கள். காய்ந்த பிறகு பார்த்தால், புது பிளேடால் கொப்புளத்தின் நடுவில் ஒரு சின்னக் கீறல், ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு துளி பசை, மேலே மெழுகுத்தாள், அதன்மேல் ஒரு கனம். கீறலைப் படத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டின்மேல் போட்டால் தழும்பு தெரியாது.

## தாள் சரியாக இருக்கிறது, அட்டைதான் வில்லாக வளைகிறது

இது ஒட்டியதன் குறை இல்லை. காய்ந்து சுருங்கும் தாள் அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது, எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் இல்லை. பின்பக்கத்திலும் அதே அளவில், நாரோட்டம் அதே திசையில் இருக்கும்படி ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் அட்டையின் உட்புறத்தில் தாள் ஒட்டுவதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

## பின்பக்கத்து எழுத்து முன்னால் வந்து நிற்கிறது

ஒரு பத்திரிகைப் படத்திலிருந்து ஒரு முகத்தை நறுக்கி மரத்தட்டில் ஒட்டினேன். பொறுமையாக, காது மடல் வரைக்கும் வெட்டிய முகம். ஒட்டிப் பசையை மேலேயும் ஒரு கோட் அடித்ததும், கன்னத்தில் கண்ணாடிப் பிம்பமாக ஒரு வரி எழும்பி வந்தது. காயட்டும், போய்விடும் என்று காத்திருந்தேன். காய்ந்தது, போகவில்லை. பின்பக்கத்து விளம்பரத்தின் கொட்டை எழுத்து.

காய்ந்த தாள் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் நார்களுக்கு நடுவில் இருக்கும் காற்று. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுகிறது. பசையோ வார்னிஷோ அந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து, தாள் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊடுருவித் தெரியும். தண்ணீர் மட்டும் என்றால் காய்ந்ததும் போகும். வார்னிஷ் உள்ளே போய்விட்டால் போகவே போகாது.

ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது: வெட்டிய துண்டின் பின்பக்கத்தில் வெள்ளை அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீர் அதிகம் கலக்காமல் மெல்லிசாக ஒரு கோட் அடித்துக் காய விடுங்கள். படம் ரொம்பப் பிடித்ததாக இருந்தால் அதை வெட்டவே வேண்டாம். லேசர் பிரின்டரில் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள். வெட்டும் முன்பு தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற பழக்கமும் நல்லது, பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அந்த முகத்தை என்ன செய்தேன்? கன்னத்தின்மேல் ஒரு இலை ஒட்டினேன். இப்போது பார்க்கிறவர்கள் அந்த இலையைத்தான் பாராட்டுகிறார்கள்.

## தொட்டாலே மை கலைகிறது

என்ன அச்சு என்று பாருங்கள். செய்தித்தாள் மை எண்ணெய் சார்ந்தது. அது பெரும்பாலும் தாளுக்குள் உறிஞ்சப்பட்டு நிற்கிறதே தவிர, கெட்டியாக உறைவதில்லை. அதனால்தான் படித்து முடித்தால் விரல் கறுக்கிறது. வழவழப்புப் பத்திரிகைகளில் பெரும்பாலும் மை சூட்டில் உலர்த்தப்பட்டிருக்கும், அவ்வளவு சீக்கிரம் வராது. வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் தண்ணீரைப் பார்த்தாலே கரைந்து ஓடலாம்.

ஒரு ஓரத்தில் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், ஒட்டுவதற்கு முன்பே, மை கலையாமல் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள், காற்றோட்டமான இடத்தில். ஸ்பிரே இல்லையென்றால் பிரஷ்ஷைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்தால் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும்.

## வழவழப்புத் தாளின் ஓரம் எழும்பி நிற்கிறது

முத்தாக நின்ற அந்தத் தண்ணீர்ச் சொட்டு இங்கேதான் பேசுகிறது. மேலே பூச்சு இருப்பதால் பசை உள்ளே இறங்க வழியில்லை. பின்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டால் பளபளப்பு மங்கும், பசை பிடிக்கும். பசையை ஓரம் வரை கொண்டுபோக வேண்டும். பழைய தாளை அடியில் வைத்து, பிரஷ்ஷை நடுவிலிருந்து வெளியே தாண்டி இழுத்தால்தான் ஓரம் நனையும். எழும்பிய ஓரத்துக்குப் பல் குச்சி முனையில் பசை எடுத்து உள்ளே செருகி அழுத்துங்கள்.

கிழித்து ஒட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதும் இந்தத் தாளில்தான் அதிகம், அச்சுக்கு அடியில் இருக்கும் உட்புறம் அது. ஒரே கிழியலில் ஒரு துண்டுக்கு வெள்ளை ஓரம் அகலமாக வரும், மற்றதற்குக் கிட்டத்தட்ட வராது. வேண்டாத பக்கத்தில் ஒரு முறை கிழித்துப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய துண்டு எந்தக் கையில் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அந்த வெள்ளைக் கோடு பிடிக்கும். மேகம், அலை நுரை இதற்கெல்லாம் அதைவிட நல்ல கோடு வரைய முடியாது. பிடிக்காதவர்கள் அருகில் இருக்கும் நிறத்தில் ஸ்கெட்ச் பேனாவை ஓரத்தில் ஓட்டிவிடலாம்.

## மடிப்பு வெடிக்கிறது, தாள் பொடியாகிறது

இரண்டு காரணம். தாள் புதியதாக இருந்தும் மடிப்பில் வெடித்தால், நாரோட்டத்துக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். தாளைத் திருப்பி, நார் ஓடும் திசையிலேயே மடியுங்கள். முடியாத இடத்தில், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து முதலில் ஒரு பள்ளக்கோடு போட்டுவிட்டு மடியுங்கள்.

மஞ்சளாகி, மூலையை மடித்தாலே ஒடிந்தால் அது வயோதிகம். 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. அப்படிச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மஞ்சளாகிறது. தாளுக்குள் இருக்கும் அமிலம் நாரைத் துண்டு துண்டாக்குகிறது. துணிக்கந்தலிலிருந்து செய்த இருநூறு வருடத் தாள் வெள்ளையாக இருக்க, ஐம்பது வருட மலிவுப் பதிப்பு உதிர்வதன் காரணம் இதுதான்.

உதிரும் தாளைத் திரும்ப இளமையாக்க வழி இல்லை. மடிக்காமல், உருட்டாமல், தட்டையாக ஒட்டும் வேலைக்கு மட்டும் வையுங்கள். பின்னால் மெல்லிய டிஷ்யூத் தாளோ துணியோ ஒட்டிக்கொண்டால் வெட்டத் தாங்கும். முடித்ததை நேர் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். அந்த மஞ்சள்தான் வேண்டும் என்று நினைத்துப் பழைய தாளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது இன்று இருக்கும் நிறத்தில் நிற்காது, இன்னும் பழுப்பாகும்.

## மடித்த புத்தகத்தில் எழுத்து கோணலாக வருகிறது

ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து இரண்டு அளவு குறித்து, மேல்மூலையை முதல் குறிக்கு இறக்கி, கீழ்மூலையை இரண்டாம் குறிக்கு ஏற்றி மடிக்கும் வேலை. மடிக்காமல் நடுவில் எஞ்சும் விளிம்புகள் சேர்ந்துதான் எழுத்தோ இதயமோ ஆகின்றன. பார்க்கச் சுலபம். குறைகள் ஏராளம்.

உருவம் பாதியில் நின்றுபோகிறதா? பக்கத்தையும் தாளையும் குழப்பிவிட்டீர்கள். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம், மடிப்பு ஒன்றுதான். 150 மடிப்பு வேண்டிய மாதிரிக்கு 300 பக்கம் வேண்டும். 240 பக்கப் புத்தகத்தில் 120 மடிப்போடு முடிந்துவிடும்.

உருவம் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால், முதல் தாளிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள். 400 பக்கப் புத்தகம் என்றால் 200 தாள். 150 போக மீதி 50. முன்னால் 25 தாள், பின்னால் 25 தாள் விட்டுவிட வேண்டும். அப்படியென்றால் 51ஆம் பக்கத்தில் தொடங்க வேண்டும், எண் முதல் தாளிலிருந்தே ஓடுகிறது என்றால். முன்னுரைப் பக்கங்களுக்கு எண் இல்லாத புத்தகங்கள் நிறைய உண்டு. தாளைக் கையால் எண்ணிவிடுவதே நல்லது.

நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரிந்தால் இரண்டு தாள் ஒன்றாக ஒட்டி மடிந்திருக்கிறது. பிரித்துச் சரிசெய்தால், அதற்குப் பிறகு வரும் அத்தனையும் ஒரு தாள் தள்ளிப்போகும். பத்து மடிப்புக்குள் பார்த்துவிட்டால் பிரியுங்கள், நூறு தாண்டிவிட்டால் கண்டும் காணாமலும் விடுங்கள்.

எழுத்தின் இரண்டாம் பாதி திடீரென்று கீழே இறங்குகிறதா? இது எனக்கு நடந்தது. முதல் நாள் இரும்பு ஸ்கேல், மறுநாள் அது கிடைக்காமல் பிளாஸ்டிக் ஸ்கேல். இரும்பில் பூஜ்யம் முனையிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் முனையிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. நான் இரண்டையும் முனையைப் பிடித்தே வைத்திருக்கிறேன். எண்பதாவது தாளுக்குப் பிறகு எழுத்துக்கு முழங்கால் மடங்கிவிட்டது. ஆரம்பிக்கும் ஸ்கேலிலேயே முடியுங்கள்.

பக்கங்கள் கொத்தாகக் கழன்று வந்தால் அது முதுகில் பசை மட்டும் வைத்த புத்தகம். முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கற்றைகளாக மடிந்து, நடுவில் நூல் தெரிந்தால் தைத்த புத்தகம், மடிப்பைத் தாங்கும். ஒரே கட்டாகச் சீராக வெட்டியிருந்தால் தாங்காது. கழன்றதை ஹாட் க்ளூவால் ஒட்ட முயல வேண்டாம், கட்டி தட்டி முதுகு மூடாது. வெள்ளைப் பசையை முதுகில் தடவி, மெல்லிய துணிப்பட்டை ஒட்டி ஓர் இரவு விடுங்கள்.

## மணி கழல்கிறது, ஒரு பக்கம் சரிகிறது

நீளமான முக்கோணத் தாளை ஒரு குச்சியில் சுற்றினால் மணி. அந்த முக்கோணம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்: அடி 2 செ.மீ., நீளம் 28 செ.மீ. என்றால் கூர்முனை அடியின் சரிநடுவுக்கு நேராக வர வேண்டும். முனை விலகினால் மணி தொலைநோக்கி மாதிரி ஒரு பக்கம் நீண்டுவிடும். அகலமான பக்கத்திலிருந்து உருட்டுங்கள். முதல் இரண்டு சுற்றுக்குப் பசை கூடாது, வைத்தால் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த சுற்று, பசைக் குறைவு இல்லை. செய்தித்தாளில் மணி கொழகொழவென்று வரும், இந்த வேலைக்கு வழவழப்புத் தாள்தான்.

கூடை பின்னுவதற்கு உருட்டும் காகிதக் குழாய் நசுங்கினால் இன்னும் மெல்லிய கம்பியில், மூலைக்கு மூலை சாய்வாக, இறுக்கமாக உருட்டுங்கள்.

## காகிதக்கூழ்க் கிண்ணம் பூசணம் பிடிக்கிறது

ஒரே நாளில் எட்டு அடுக்கு ஒட்டியிருப்பீர்கள். வெளியே காய்ந்து உள்ளே ஈரம். இரண்டு, மூன்று அடுக்கு போட்டு முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. பலூனை அச்சாக வைத்தவர்கள் அவசரப்பட்டு ஊசி குத்தினால் கிண்ணம் சொங்கிப்போகும். மாவுப் பசையைவிட வெள்ளைப் பசையில் பூசணம் குறைவு. பிடித்துவிட்டதைச் சுரண்டிக் காப்பாற்றாமல் தூக்கிப் போடுங்கள்.

## வார்னிஷ் பிசுபிசுக்கிறது, பால் மாதிரி வெளுக்கிறது

பசைக்குள் ஈரம் இருக்கும்போதே வார்னிஷ் அடித்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் வெளுக்கும். காற்றில் ஈரம் அதிகமான மழை நாளிலும் இப்படி ஆகும். ஒட்டி 24 மணி நேரம் பொறுத்து அடியுங்கள். கனமாக ஒன்றுக்குப் பதில் மெல்லிசாக மூன்று கோட். வெளுத்ததை உலர்ந்த இடத்தில் சில நாள் விட்டால் சிலசமயம் தெளியும். பிசுபிசுப்பு தீரும் வரை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், பிரிக்கும்போது படம் உரிந்து வந்துவிடும்.

## புத்தகம் நாறுகிறது, பூச்சி ஓடுகிறது

வெறும் பழைய நெடி என்றால் மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு ஓரிரு வாரம் வையுங்கள். ராமபாணப் பூச்சி ஓடினால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறையின் சூட்டுக்கு வர விடுங்கள். உடனே பிரித்தால் தாள்மேல் வியர்க்கும். பூசணப் புள்ளி இருக்கிற புத்தகத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

19ஆம் நூற்றாண்டில் கட்டிய, பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை கையில் கிடைத்தால் வெட்டாதீர்கள், உரசாதீர்கள். அந்தக் காலத்து மரகதப் பச்சைச் சாயத்தில் ஆர்செனிக் இருந்தது.

## குறை எதுவும் இல்லை, ஆனால் பார்க்க நன்றாக இல்லை

எல்லாம் ஒட்டியிருக்கிறது, எதுவும் எழும்பவில்லை, ஆனாலும் குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. பத்திரிகைப் படம் ஒவ்வொன்றும் "என்னைப் பார்" என்று கத்துவதற்கென்றே அச்சானது. பத்தை ஒரே அட்டையில் வைத்தால் சந்தைக்கடைதான்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மையார் 1772இல், 72 வயதில், காகிதத்தை வெட்டிப் பூக்கள் ஒட்டத் தொடங்கினார். கிட்டத்தட்ட ஆயிரம் செய்தார். அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு பூவுக்கே நூற்றுக்கணக்கான துணுக்குகள். ஆனால் பின்னணி வெறும் கறுப்பு. அவ்வளவு நுணுக்கம் கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கறுப்பால்தான்.

ஆகவே பசையைத் திறக்கும் முன்பு எல்லாத் துண்டையும் சும்மா பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஆழமும் வெளிச்சமும் போதவில்லை. எழுத்து மட்டும் உள்ள சாதாரணப் புத்தகப் பக்கத்தை அடியில் விரியுங்கள், தூரத்திலிருந்து அது அமைதியான சாம்பலாக நிற்கும். அப்புறம் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாருங்கள். எடுத்தும் குறை தெரியாத துண்டை உறையில் போட்டு அடுத்த வேலைக்கு வையுங்கள். என்னிடம் அப்படி மூன்று உறை நிரம்பியிருக்கிறது.